மூஞ்சி கட்டங்கட்டமா வருதா? சேலத்து டிசைன் மேசைக் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்யும் வழிகளும்

ஆடி பிறந்துவிட்டால் சேலத்தில் டிசைன் போடுகிறவனுக்குத் தூக்கம் கிடையாது. கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஃபிளெக்ஸ் ஒரு பக்கம், ஆவணி முகூர்த்தத்துக்கு முன்கூட்டியே பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் இன்னொரு பக்கம். அந்த நெரிசலில் யாரும் “ரெசல்யூஷன் போதவில்லை” என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. “ஏனுங்க, மூஞ்சி கட்டங்கட்டமா இருக்குதுங்க” என்றுதான் வருவார்கள். அதனால் இதை அகராதி போல எழுதாமல், கோளாறு கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அதையே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் ஒரு சோதனை. கோளாறு ஃபைலில் இருக்கிறதா, பார்க்கிற கருவியில் இருக்கிறதா என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஃபைலை 100 சதவீத ஜூமில் பாருங்கள். இன்னொரு போனில் திறந்து பாருங்கள். அச்சுக்குப் போகிறது என்றால் முக்கியமான ஒரு துண்டை மட்டும் அசல் அளவில், சாதாரண ஏ4 தாளில் பிரின்ட் எடுத்துப் பாருங்கள். மூன்றிலும் ஒரே கோளாறு வந்தால் ஃபைலில்தான் தப்பு. ஒன்றில் மட்டும் வந்தால் ஃபைலைத் தொடாதீர்கள்; நல்லதைக் கெடுத்துவிடுவீர்கள்.

“மூஞ்சி கட்டங்கட்டமா இருக்கு”

படத்தில் இருக்கிற பிக்சல் போதவில்லை. பிக்சல் என்பது படத்தின் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிகளை ஒரு இன்ச்சுக்குள் எத்தனை அடுக்குகிறோம் என்பதைத்தான் டிபிஐ என்கிறோம். ஆஃப்செட்டில் அடிக்கிற பத்திரிகை, விசிட்டிங் கார்டு, நோட்டீஸ் எல்லாவற்றுக்கும் 300 டிபிஐ வேண்டும். ஏ4 அளவு என்றால் 2480-க்கு 3508 பிக்சல். 3.5-க்கு 2 இன்ச் விசிட்டிங் கார்டு என்றால் 1050-க்கு 600.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “போட்டோ எதுல வந்துச்சு?” வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். அதை 300 டிபிஐயில் அடித்தால் 5.3 இன்ச்தான் தாங்கும். பத்திரிகைக்குள் சின்னதாகப் போட ஓடும். அதே படத்தை 10 அடி ஃபிளெக்ஸுக்கு இழுத்தால் இன்ச்சுக்கு 13 பிக்சல் வரும். தாத்தா முகம் கேரம் போர்டு ஆகிவிடும். அசலை ‘டாக்குமென்ட்’டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது மெயிலில் வாங்குங்கள். இந்த ஒரு வரியைச் சொல்லியே என் வாழ்நாளில் பாதி போய்விட்டது.

ஃபிளெக்ஸுக்கு 300 தேவையில்லை. யாரும் அதை ஒரு சாண் தூரத்தில் நின்று பார்ப்பதில்லை. முழு அளவில் 72 டிபிஐ இருந்தாலே தாராளம். நம் ஆட்கள் ஒரு அடிக்கு ஒரு இன்ச் என்று சுருக்கி டிசைன் போடுவார்கள். தப்பில்லை, ஆனால் கணக்குத் தெரிந்து போட வேண்டும். 10-க்கு 8 இன்ச் ஃபைலை 300 டிபிஐயில் போட்டால் 3000-க்கு 2400 பிக்சல். அது 10 அடிக்கு விரியும்போது இன்ச்சுக்கு 25 ஆகிறது. ஐந்து ரோடு சந்திப்பில் பஸ்ஸிலிருந்து பார்க்கிறவனுக்கு அது போதும். மண்டப வாசலில் ஆளுயரத்தில் வைத்தால் போதாது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: டிபிஐ என்று இருக்கிற கட்டத்தில் 72-ஐ அழித்து 300 என்று டைப் செய்தால் படம் தெளிவாகாது. இல்லாத புள்ளிகளைப் புரோகிராம் ஊகித்து நிரப்பும், அவ்வளவுதான். இப்போது வருகிற ஏஐ கருவிகள் கொஞ்சம் நன்றாகவே ஊகிக்கின்றன. ஆனால் அவை நிரப்புகிற கண்ணும் பல்லும் தாத்தாவுடையவை என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கண்ணீர் அஞ்சலி பேனரில் வேறு யாருடைய சிரிப்பையோ வைப்பது நியாயமா?

லோகோ கட்டங்கட்டமாக வந்தால் கதை வேறு. லோகோவைப் படமாக வைத்திருக்கவே கூடாது, வெக்டராக வைத்திருக்க வேண்டும். வெக்டர் என்பது புள்ளி அல்ல, கோட்டின் கணக்கு. விசிட்டிங் கார்டிலிருந்து லாரி தார்ப்பாய் வரை எவ்வளவு இழுத்தாலும் உடையாது. கோரல்டிராவின் ஃபைல், இல்லஸ்ட்ரேட்டரின் ஏஐ ஃபைல், ஈபிஎஸ், எஸ்விஜி இவையெல்லாம் அந்த வகை. முதலில் லோகோ போட்டுக் கொடுத்தவரிடம் இதைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஒரு ஜேபெக் படம் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் திரும்ப வரைவதுதான் வழி.

“லோகோவைச் சுத்தி வெள்ளைப் பெட்டி தெரியுது”

ஜேபெக்குக்கு ஒளிபுகும் பின்னணி என்று ஒன்று கிடையாது. பிஎன்ஜி அல்லது எஸ்விஜி வாங்குங்கள். ஜேபெக்கின் பெயரை மட்டும் பிஎன்ஜி என்று மாற்றினால் பெட்டி போகாது. செய்து பார்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

“ஸ்க்ரீன்ல பளபளன்னு இருந்துச்சு, பேப்பர்ல செத்துப்போச்சு”

ஸ்க்ரீன் வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 0 முதல் 255 வரை கூடிக் குறைந்து 1 கோடியே 67 லட்சம் சேர்க்கைகள் வருகின்றன. இதுதான் ஆர்ஜிபி. பேப்பருக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. சையான், மெஜன்டா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு மை போட்டு, விழுகிற வெளிச்சத்தில் கொஞ்சத்தை விழுங்கிக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது. இதுதான் சிஎம்ஒய்கே, அச்சகத்தில் ‘ஃபோர் கலர்’ என்பார்கள். வெளிச்சத்தால் காட்ட முடிகிற சில நிறங்கள் மையால் வரவே வராது. கிளிப்பச்சை மங்கும், அடர்நீலம் கத்தரிப்பூ பக்கம் சாயும், ரேடியம் ஆரஞ்சு செங்கல் ஆகும்.

ஆகவே அச்சு வேலை என்றால் தொடக்கத்திலேயே சிஎம்ஒய்கேயில் ஃபைல் திறங்கள். கடைசியில் மாற்றினால் முழு டிசைனும் கண் முன்னே வாடும். பார்க்கவே பாவமாக இருக்கும். வாடிக்கையாளரிடமும் போனில் காட்டி ஓகே வாங்காதீர்கள். ஒரு தாள் கலர் ப்ரூஃப் எடுத்துக் கையில் கொடுத்து வாங்குங்கள்.

பக்கத்து ஊரான இளம்பிள்ளையின் சேலைக்காரர்களுக்கு இதே நோய் தலைகீழாக வரும். “போன்ல மெரூன், வீட்டுக்கு வந்தா பிரவுன்” என்று சேலை திரும்பி வரும். போன் ஸ்க்ரீன் ‘விவிட்’ மாதிரி முறையில் இருந்தால் எல்லா நிறத்தையும் ஏற்றித்தான் காட்டும். படத்தை எஸ்ஆர்ஜிபி என்கிற பொதுவான நிற புரொஃபைலில் சேமித்து ஏற்றினால் பாதிப் பிரச்சினை தீரும். மீதி, படம் எடுக்கிற விளக்கில் இருக்கிறது. ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில், ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் வைத்து, அது வெள்ளையாகத் தெரிகிறதா என்று பார்த்து எடுங்கள். வைட் பேலன்ஸ் என்று பெரிய பெயரில் சொல்வது இதைத்தான்.

*வெள்ளி சாம்பலாக வந்தால்.* செவ்வாய்பேட்டை கொலுசுக் கடை வேலை எடுக்காத டிசைனர் சேலத்தில் இருக்க முடியாது. எடுத்தவர்கள் எல்லோரும் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பார்கள்: “நான் வெள்ளி கேட்டேன், நீங்க அலுமினியம் குடுத்துருக்கீங்க.” நான்கு மையைச் சேர்த்து உலோகப் பளபளப்பைக் கொண்டுவர முடியாது. வருவது சாம்பல்தான். வழி இரண்டு. ஐந்தாவதாகத் தனி மெட்டாலிக் மை போடலாம். பேன்டோன் 877 என்று கேட்டால் அச்சகத்துக்குப் புரியும். இல்லையென்றால் வெள்ளி ஃபாயிலைச் சூடாக்கி ஒட்டலாம். இரண்டுக்கும் செலவு கூடும். காசு இல்லையென்றால் கண்ணை ஏமாற்றலாம். வெள்ளி வெள்ளியாகத் தெரிவது நிறத்தால் அல்ல, பக்கத்துப் பக்கத்தில் சட்டென்று மாறுகிற வெளுப்பாலும் கறுப்பாலும். வழவழவென்று ஒரே சாம்பல் பூசாமல், கூர்மையான வெள்ளைக் கீற்றும் அடர் நிழலும் விட்டு, பின்னால் கருநீலமோ அரக்கோ வையுங்கள். கொலுசை டியூப்லைட்டில் படம் எடுத்து மஞ்சளோ பச்சையோ ஏறியிருந்தால் அந்த நிறச் சாயலை முதலில் எடுங்கள். கொலுசு மணியில் உங்கள் சட்டையின் பிம்பம் விழும், அதையும் பாருங்கள். ஒருமுறை என் கட்டம்போட்ட சட்டை அச்சாகி வந்தது.

*கறுப்பு எழுத்தில் நிழல் தட்டினால்.* இது என் சொந்தத் தவறு. ஒரு ஜவ்வரிசி வியாபாரிக்கு ஆயிரம் கார்டு. சின்ன எழுத்து, கறுப்பு நிறம். ஆர்ஜிபி கறுப்பை அப்படியே மாற்றியதால் அது நான்கு மையிலும் பிரிந்துவிட்டது. மெஷினில் ஒரு மையின் பிளேட் மயிரிழை நகர்ந்ததும் எழுத்தைச் சுற்றிச் சிவப்பும் நீலமும் எட்டிப் பார்த்தன. முகவரி படிக்கவே முடியவில்லை. ஆயிரமும் குப்பைக்குப் போனது, காசு என் கையிலிருந்து. எழுத்து என்றால் கறுப்பு மை மட்டும் 100, மற்ற மூன்றும் 0. பெரிய கறுப்புப் பரப்பு என்றால் மாறாக, வெறும் கறுப்பு வெளிறித் தெரியும். அங்கே சையான் 60, மெஜன்டா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 என்று போடுங்கள், ஆழம் வரும்.

“ஓரத்துல வெள்ளைக் கோடு நிக்குது”, “போன் நம்பர்ல கடைசி எண் வெட்டுப்பட்டுருச்சு”

இரண்டும் ஒரே கோளாறின் இரண்டு முகம். கட்டிங் மெஷின் கத்தி நீங்கள் நினைத்த இடத்தில் சரியாக இறங்காது. அங்கே இங்கே ஒரு மில்லிமீட்டர் நகரும். அது வெளிப்பக்கம் இறங்கினால் வெள்ளைக் கோடு, உள்பக்கம் இறங்கினால் போன் நம்பர் போச்சு. பின்னணி நிறத்தை நான்கு பக்கமும் 3 மி.மீ. வெளியே நீட்டுங்கள். அதற்குப் பெயர் ப்ளீட். ஏ4 என்றால் 210-க்கு 297 அல்ல, 216-க்கு 303 மி.மீ. ஃபைல். முக்கியமான எழுத்தை ஓரத்திலிருந்து 4, 5 மி.மீ. உள்ளே வையுங்கள். ஓரத்தை ஒட்டி மெல்லிய பார்டர் போடவே போடாதீர்கள். கத்தி அரை மில்லிமீட்டர் விலகினாலும் பார்டர் கோணலாகத் தெரியும். குற்றம் டிசைனர் தலையில் விழும். ஃபிளெக்ஸில் ஓரம் சட்டத்துக்குப் பின்னால் மடிந்துபோகும், சில இன்ச் விடுங்கள்.

தமிழ் எழுத்தில் வரும் கோளாறுகள்

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஆங்கிலம் மட்டும் தெரிந்த டுடோரியல்கள் இதைச் சொல்லித் தராது, நம் கடைக்கு வருவதில் பாதி இதுதான். கோளாறு எப்படித் தெரிகிறது என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

*தமிழ் இருந்த இடத்தில் சாதாரண ஆங்கில எழுத்து.* ‘தமிழ்’ என்று இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று வந்து நின்றால் அது பாமினி ஃபான்ட். பழைய ஃபான்டுகள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தவை. உள்ளே சேமிப்பது ஆங்கிலம், மேலே போர்த்தியது தமிழ். ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் போர்வை விலகி உள்ளே இருப்பது தெரிகிறது. அச்சுக்கு என்றால் அந்த ஃபான்டை நிறுவினால் முடிந்தது. வெப்சைட்டுக்கு என்றால் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றியே ஆக வேண்டும். இல்லையென்றால் கூகுளில் யார் தமிழில் தேடினாலும் உங்கள் பக்கம் சிக்காது. உள்ளே தமிழே இல்லையே! மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் மூலம் பாமினியா, இல்லை டாம், டாப், வானவில் மாதிரி வேறு பழைய முறையா என்று சரியாகச் சொல்ல வேண்டும். மாற்றிய பிறகு ஒரு தடவை உட்கார்ந்து படியுங்கள், ‘ஔ’ மாதிரி எழுத்துகளில் வழுக்கும்.

1991-இல் வந்த முதல் யூனிகோடு பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. 2010-இல் தமிழக அரசும் யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணை போட்டது. ஆனாலும் நம் ஊர் அச்சகங்களில் பழைய ஃபான்டுகள் ஓய்வு பெறவில்லை. அழகான தலைப்பு எழுத்து அதில்தான் அதிகம் என்பது உண்மையான காரணம், சோம்பல் மட்டும் அல்ல.

*தலையில் கோடு போட்ட ‘ஏ’யும் வட்டத்துக்குள் ‘ஆர்’உம் திரும்பத் திரும்ப வந்தால்.* பயப்படாதீர்கள், எழுத்து உள்ளே பத்திரமாக இருக்கிறது. யூனிகோடைச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். பிரவுசர் அதை யூடிஎஃப்-8 என்று அறியாமல் மூன்று தனி எழுத்தாகப் படிக்கிறது, அதனால்தான் அந்த வட்ட ‘ஆர்’ அடிக்கடி வருகிறது. பக்கத்தின் தலைப்பகுதியில் சார்செட் யூடிஎஃப்-8 என்கிற வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஃபைலையும் அதே முறையில் சேமியுங்கள்.

*எல்லாம் கேள்விக்குறியாக வந்தால்.* இதுதான் மோசம். தமிழ் ஏற்காத டேட்டாபேஸில் சேமித்ததால் எழுத்து அழிந்து, அதன் இடத்தில் நிஜமான கேள்விக்குறியே உட்கார்ந்துவிட்டது. திரும்ப வராது. டேட்டாபேஸை யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றிவிட்டு மறுபடி டைப் செய்ய வேண்டியதுதான்.

*காலிப் பெட்டிகள் வந்தால்.* எழுத்து சரி, அதை வரைய ஃபான்ட் இல்லை. வெப்சைட் என்றால் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், மீரா இனிமை மாதிரி ஒரு வெப்ஃபான்டை இணையுங்கள்.

*‘கொ’ உடைந்து, கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம்.* தமிழ் எழுத்தைக் கோத்து வரையும் வேலையைப் புரோகிராம் செய்யவில்லை. ஃபோட்டோஷாப்பில் பிரிஃபரன்ஸ், டைப் பகுதியில் ‘வேர்ல்டு-ரெடி லேஅவுட்’ என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பழைய பதிப்புகளில் அதுவே ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்’ என்று இருக்கும். மூடித் திறந்து, புதிதாக எழுத்து அடித்துப் பாருங்கள். இன்டிசைனில் பாராகிராஃப் பேனல் மெனுவில் ‘வேர்ல்டு-ரெடி’ கம்போசருக்கு மாற்றுங்கள். ரொம்பப் பழைய கோரல் என்றால் போராடாதீர்கள், வேறு புரோகிராமில் அடித்து வெக்டராகக் கொண்டுவாருங்கள்.

*என்னிடம் சரி, அச்சகத்தில் மட்டும் எழுத்து மாறிவிட்டது.* அவர்களிடம் உங்கள் ஃபான்ட் இல்லை. அனுப்பும் முன் எழுத்தை ‘கர்வ்ஸ்’ ஆக்குங்கள். கோரலில் கன்ட்ரோல்-கியூ. ஆனால் கர்வ்ஸ் ஆன எழுத்தை அப்புறம் திருத்த முடியாது, அது வெறும் வடிவம். ஒரு பிரதியை அப்படியே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையின் இனிஷியல் தப்பு என்று ராத்திரி பத்து மணிக்குத்தான் போன் வரும்.

வெப்சைட் கோளாறுகள்

ஏற்காட்டில் தங்கும் விடுதி நடத்துகிற ஒருவர் கூப்பிட்டார். “ரூம் புக் பண்ண வர்றவங்க பாதியிலயே போயிடறாங்க தம்பி.” நான் மலை ஏறிக்கொண்டே அவருடைய பக்கத்தைத் திறந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவில் நாலைந்து தாண்டியும் முதல் படம் பாதிதான் இறங்கியிருந்தது. காப்பித் தோட்டம், ஏரி, ஜன்னலோர மேகம் என்று பத்துப் படங்கள், ஒவ்வொன்றும் கேமராவிலிருந்து வந்தபடி 5 எம்பி. மொத்தம் 50 எம்பி. நொடிக்கு 2 மெகாபிட் வேகம் கிடைத்தால் அதற்கு 200 நொடி ஆகும். போன் திரை அகலத்துக்கு 1080 பிக்சல் போதும். கம்ப்யூட்டருக்கும் சேர்த்து 1600-க்குச் சுருக்கி, வெப்பி என்கிற பட வடிவில் சேமித்தோம். படம் ஒவ்வொன்றும் 200 கேபி அளவுக்கு வந்தது. கீழே இருக்கிற படங்களை ‘லேசி லோடிங்’ ஆக்கினோம், கண்ணுக்கு வரும்போது இறங்கினால் போதும். பக்கத்தில் வேறு எதையும் மாற்றவில்லை.

மற்றவை சுருக்கமாக. போனில் எழுத்து எறும்பு மாதிரி தெரிந்தால் திரை அகலத்துக்குப் பக்கத்தைப் பொருத்தச் சொல்லும் ‘வியூபோர்ட்’ வரி விடுபட்டிருக்கும். பக்கவாட்டில் இழுத்துப் படிக்க வேண்டியிருந்தால் ஏதோ ஒரு பெட்டிக்கு 1200 பிக்சல் என்று அகலத்தைப் பூட்டியிருக்கிறீர்கள், அதைச் சதவீதமாக்குங்கள். மாற்றம் செய்தும் பழையதே தெரிந்தால் கேஷ், அதாவது பிரவுசர் சேமித்து வைத்த பழைய பிரதி. கன்ட்ரோல்-எஃப்5 அழுத்துங்கள், அதற்குப் பிறகுதான் பக்கத்தின் கோடிங்கை நோண்ட வேண்டும். உங்கள் கம்ப்யூட்டரில் தெரிகிற படம் சர்வரில் தெரியவில்லை என்றால் ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் இருக்கும். விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் சர்வர் விடாது. ஆட்கள் எல்லாம் குண்டாகத் தெரிந்தால் உயர அகல விகிதம் கெட்டிருக்கிறது. ‘ஆப்ஜெக்ட்-ஃபிட் கவர்’ போடுங்கள், படம் நசுங்காமல் ஓரம் மட்டும் வெட்டுப்படும்.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா படிக்க முடியல”

ஃபைலில் குற்றம் இல்லை. டிசைனில் இருக்கிறது.

நிற வேறுபாட்டை முதலில் பாருங்கள். கான்ட்ராஸ்ட் என்பதை எண்ணாகவே கணக்கிடலாம். வெள்ளையில் கறுப்பு 21-க்கு 1. வெப் பக்கங்களுக்கான அணுகல் நெறி சாதாரண எழுத்துக்கு 4.5-ம் பெரிய எழுத்துக்கு 3-ம் குறைந்தபட்சம் கேட்கிறது. அம்மன் பண்டிகை என்றால் சிவப்பில் மஞ்சள்தான், மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். தூய சிவப்பில் தூய மஞ்சள் சுமார் 3.7 வருகிறது. தலைப்புக்குத் தாங்கும், கீழே வரிசையாக வருகிற நன்கொடையாளர் பெயர்களுக்குத் தாங்காது. சிவப்பை அரக்கு வரை அடர்த்தியாக்கினால் பெயர்களும் படிக்க வரும். நீலத்தில் சிவப்பு எழுத்து 2.1 தான், யார் கேட்டாலும் போடாதீர்கள்.

அடுத்து வரி இடைவெளி. நம் எழுத்துக்கு மேலே இகரச் சுழி, கீழே உகர வால். ஆங்கிலத்துக்குப் போதுகிற 1.3 மடங்கில் மேல்வரி வாலும் கீழ்வரிச் சுழியும் மோதிக்கொள்ளும். வெப்பில் 1.6 முதல் 1.8 வரை வையுங்கள். எழுத்துக்கு நடுவே இடைவெளி கூட்டுவதைத் தமிழில் தவிர்த்துவிடுங்கள். பல புரோகிராம்களில் துணைக்கால் தன் எழுத்தை விட்டுத் தனியே போய் நிற்கும். ‘காபி’ படிக்கையில் திக்குவது போல இருக்கும்.

கடைசியாக, எது முதலில் கண்ணில் பட வேண்டும் என்கிற வரிசை. ஃபிளெக்ஸில் பத்து அடி தூரத்துக்கு ஒரு இன்ச் உயர எழுத்து என்று ஒரு தொழில் கணக்கு உண்டு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நாற்பது அடி என்றால் 4 இன்ச். டிசைனைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் எது தெரிகிறதோ அதைத்தான் ரோட்டில் போகிறவன் பார்ப்பான். போன வாரம் ஒரு காதுகுத்து பேனரை இப்படிச் சுருக்கிக் காட்டினேன். மாமன்கள் ஆறு பேர் தெரிந்தார்கள், குழந்தையைத் தேட வேண்டியிருந்தது. “சரிதானுங்க, பாப்பாவைப் பெருசு பண்ணிருங்க” என்றார் அப்பா. கொஞ்சம் யோசித்துவிட்டு, “மாமனுங்களைக் கொறைக்க வேண்டாம், ஃபிளெக்ஸை ரெண்டு அடி கூட்டிக்கலாம்” என்றார்.